கக்கனை விட்டுவிடுங்கள்

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் எனக்குப் பக்கத்து இலையில் அத்தை மகன் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை பாயசம் வாங்கி, அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாமா பிழைக்கத் தெரியாத மனுசன்டா மாப்ள. முப்பது வருசம் சர்வேயர் வேலை. வேற ஒருத்தனா இருந்தா இந்தத் தெருவையே வளைச்சிருப்பான். இந்தக் காலத்துல நல்லவனா இருந்து என்னத்தக் கண்டாரு? கக்கன் கடைசியில தர்மாஸ்பத்திரியில கிடந்தாரே, அந்தக் கதைதான்."

எதிர்வரிசையில் நாலைந்து தலைகள் ஆடின. ஒருவர் உச்சுக் கொட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவரின் சோற்றைத் தின்றுகொண்டே அவரைக் குறை சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; எங்கள் குடும்பத்தில் அது வழக்கம்தான். முன்னாள் மந்திரி கக்கனை இழுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த ஊரில் கை நீட்டக் கிளம்புகிறவனுக்கெல்லாம் கக்கன்தான் நல்ல சகுனம். முதல் கவரை வாங்கும்போது கொஞ்சம் கூசுமே, அந்தக் கூச்சத்துக்கு மருந்து கக்கன். "நேர்மையா இருந்தவர் கதி என்ன ஆச்சு பார்த்தீங்கல்ல?" அவ்வளவுதான், கவர் பைக்குள் போய்விடும்.

எல்லோருக்கும் அந்த ஒரு கட்டில்தான் தெரியும். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பொது வார்டில் கக்கன் இருப்பது தெரிகிறது. போய்ப் பார்த்துப் பதறிப்போகிறார். படம் முடிந்தது. திருடாதவன் தெருவுக்கு வருவான், சுபம்.

அந்தக் கட்டிலுக்கு முன்னால் எழுபது வருஷம் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர். அவர் பிறந்த சாதிக்கு மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் வெளியிலிருந்து பார்த்துக் கும்பிட மட்டும்தான். அநியாயம் ஜெயித்துவிடுமோ என்று அங்கே யாரும் பயப்பட வேண்டியதில்லை. அது நூற்றாண்டுகளாக ஜெயித்து, ஆகமம் என்று பட்டமும் வாங்கி உட்கார்ந்திருந்தது. 1939 ஜூலை 8 அன்று, கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்திய வைத்தியநாத ஐயரோடு அந்தக் கோயிலுக்குள் போன ஒரு கை விரல் எண்ணிக்கை ஆட்களில் கக்கனும் ஒருவர். தீட்டுப் பட்டுவிட்டது என்று பட்டர்களில் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள். "உலகம் போற போக்குல நாமளும் போவோம்" என்று என் மச்சான் மாதிரி அவரும் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கியிருந்தால்? 1942 சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போயிருக்க வேண்டாம்.

1957-இல் மந்திரியானார். வைகை அணை 1959-இல் திறந்தபோது பொதுப்பணித் துறை அவர் கையில். ஒரு அணை! சிமெண்டு, ஜல்லி, கம்பி, காண்டிராக்டர். இன்று நாலு அடிச் சாக்கடைக்குக் கமிஷன் எவ்வளவு என்று டீக்கடையில் கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்வார்கள். அப்புறம் உள்துறை. 1965 மொழிப் போராட்டத் துப்பாக்கிச் சூடுகள் அவர் பொறுப்பில் இருந்தபோது நடந்தவை. அந்தக் கணக்கு தனி, அதை நான் மறைக்க வரவில்லை. இங்கே கையைப் பற்றித்தான் பேச்சு.

1967 தேர்தலில் தோற்றார். அது அரசியல், போகட்டும். ஆனால் 1981 டிசம்பரில் சாகிறவரைக்கும் 14 வருஷம் இருந்ததே. அவரால் தண்ணீர் பாய்ந்த வயல்காரர்கள் எங்கே போனார்கள்? அவர் கட்சிக்காரர்கள் எங்கே போனார்கள்? அந்தக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்தது நேர்மையா? நேர்மைக்குக் கையா இருக்கிறது, காலா இருக்கிறது? நாம்தான் படுக்கவைத்தோம். படுக்கவைத்துவிட்டு, "பாத்தியா, நல்லவனுக்கு இதுதான் கதி" என்று நாமே சாட்சியும் சொல்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். பொது வார்டில் படுப்பது அவ்வளவு கேவலமா? மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைச் சனமெல்லாம் படுத்து எழுந்து போகிற கட்டில்தானே அது. முன்னாள் மந்திரி படுத்தால் கண்ணீர்க் கதை, முத்தம்மா படுத்தால் விசிட்டிங் ஹவர்ஸ் முடிந்தது, வெளியே போ. மந்திரிகளெல்லாம் அங்கேயே படுத்திருந்தால் இன்று அந்த வார்டு மின்விசிறிகளாவது சுற்றும்.

என் மச்சானைத் தனியாகக் குறை சொல்லி என்ன? ஒவ்வொரு ஜூன் 18-ஆம் தேதியும், கக்கன் பிறந்தநாளன்று, காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கக்கன் படம் போட்டு, "இப்படியும் ஒரு மாமனிதர்" என்று மூன்று கும்பிடு வைப்பவரும் இவர்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மேல ஏதாச்சும் வருமா?" என்று விசாரிக்கிற பெண்ணின் தகப்பனார்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். கிம்பளம் என்று அதற்கொரு செல்லப்பெயர் வேறு, சம்பளத்தின் தம்பி மாதிரி. அந்தக் காசில் கோயிலுக்கு டியூப்லைட் உபயம். வெளிச்சம் வராத அளவுக்கு அதில் பெயர்.

கேட்டால், "காலம் கெட்டுப்போச்சு." காலம் என்ன தயிரா, ராத்திரி மூடாமல் வைத்தால் காலையில் கெட்டுப்போவதற்கு? 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்துத் தப்பிக்கலாம். எத்தனை பேர் போனோம்? ஏழு நாளும் வரிசையில் முந்திப் போன சந்தோஷத்தில் கழிந்துவிடுகிறது.

பெரியப்பாவுக்கு என்ன குறைந்துபோயிற்று என்றும் எனக்குப் புரியவில்லை. பென்ஷன் வந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார். கடன் இருந்தது, இருபது லட்ச ரூபாய்க் காரில் வந்து இறங்குகிற மச்சானுக்கு இல்லாத கடனா? நிலம் அளக்கப் போகிற இடத்தில் பெரியப்பா இளநீர்கூடத் தொடமாட்டார். சைக்கிள் ஹேண்டில்பாரில் வீட்டுத் தண்ணீர் ஒரு தூக்குச் செம்பில் தொங்கும். மேட்டில் ஏறும்போது தளும்பி அவர் வேட்டியில் ஒரு பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து நாங்களும் சிரித்தவர்கள்தான்.

கை கழுவிவிட்டு வந்தேன். வெற்றிலையைக் கிள்ளியபடி மச்சான் என்னை வேப்பமரத்துப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப் போனார்.

"ரிங் ரோட்டுக்கு அந்தாண்ட அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டேன்ல மாப்ள, பக்கத்துக்காரன் மூணு அடி உள்ள வந்து வேலி போட்டுட்டான். அளக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். மாமாகூட வேலை பார்த்தவங்க பழக்கத்துல, காசு வாங்காத சர்வேயர் யாராச்சும் இருந்தாச் சொல்லேன்."

"ஏன் மச்சான், குடுத்து முடிச்சுக்கலாமே?"

"நீ வேற. வாங்குறவன் அவன்கிட்டயும் வாங்கிருவான்டா."