கிள்ளான் ரசிகருக்குக் கடைசிப் பாட்டு கிடையாதா?

“போறது சரி, வர்றது எப்படி?”

இசை நிகழ்ச்சிக்குப் போக அனுமதி கேட்ட எந்தக் கிள்ளான் பெண்ணும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருந்திருக்க மாட்டாள். என் அம்மாவும் இதைத்தான் கேட்டார். 2023 மார்ச் 4-ஆம் தேதி தென்கொரியாவின் பிளேக்பிங்க் குழு புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் பாடியது. நானும் என் தோழியும் அப்போது பள்ளி மாணவிகள். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தை டிக்கெட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தோம். யாருடன் போகிறோம், என்ன உடுத்திப் போகிறோம் என்பதற்கெல்லாம் எங்களிடம் பதில் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் கிள்ளானுக்கு எப்படித் திரும்புவோம் என்பதற்கு மட்டும் இல்லை. நாங்கள் போகவில்லை.

என் அண்ணன் ஒருமுறை அதே அரங்கில் காற்பந்து ஆட்டம் பார்க்கப் போய்க் கடைசி ரயிலைத் தவறவிட்டார். நண்பர்களோடு மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்து, முதல் ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் அது இன்றும் சிரித்துப் பேசும் கதை. அதையே நானும் தோழியும் செய்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அதே குழு 2025 நவம்பர் இறுதியில் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் மூன்று இரவுகள் பாடியது. அந்தச் சுற்றுப்பயணத்தில் பேங்காக்கும் ஜகார்த்தாவும் இருந்தன, கோலாலம்பூர் இல்லை. இம்முறை அனுமதி கேட்டபோது இரு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். தோழியின் சின்னம்மா சிங்கப்பூரில் யீஷூன் பகுதியில் இருக்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கத்தை ஒட்டியுள்ள ஸ்டேடியம் நிலையத்தில் ரயில் ஏறி, பீஷானில் மாறி, நள்ளிரவுக்குள் சின்னம்மா வீட்டில் இருந்தோம். சிங்கப்பூர்ப் பேருந்தை நாங்கள் பிடித்தது பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில். அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் போனால் இரண்டாவது நிலையம் புக்கிட் ஜாலில். பக்கத்தில் இருக்கும் அரங்குக்குக் கிடைக்காத அனுமதி, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அரங்குக்குக் கிடைத்தது.

எங்கள் பெற்றோர் திடீரென்று மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. திரும்பி வரும் வழி அங்கே தெளிவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒழுக்கமும் வருமானமும்

நம் நாட்டில் வெளிநாட்டு இசைக்குழுக்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்களில்தான் ஓடுகிறது. முதலாவது ஒழுக்கம். 2023 ஜூலை 21-ஆம் தேதி சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் இசை விழாவில், பிரிட்டனின் ‘தி 1975’ குழுவின் பாடகர் நம் நாட்டுச் சட்டங்களை மேடையிலேயே சாடி, சக கலைஞரை முத்தமிட்டார். மறுநாளே அரசாங்கம் விழாவின் எஞ்சிய நாட்களை ரத்து செய்தது. அந்த ஒருவரின் செயலால் மேடையேறக் காத்திருந்த உள்ளூர்க் கலைஞர்களும், தூரத்திலிருந்து வந்திருந்த ரசிகர்களும் ஏமாந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி கோல்ட்பிளே குழு முதன்முறையாக மலேசியாவில் பாட வந்தபோது, பாஸ் கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வரம்பு மீறினால் மேடையின் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் விசை ஒன்றை ஏற்பாட்டாளர்கள் வைத்திருக்க வேண்டும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது பணம். 2024 மார்ச் மாதம் டெய்லர் சுவிஃப்ட் சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடினார். தென்கிழக்காசியாவில் அவர் வேறெங்கும் பாடவில்லை. இதற்காகச் சிங்கப்பூர் ஊக்கத்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டது என்று தாய்லாந்துப் பிரதமராக இருந்த ஸ்ரெத்தா தவிசின் வெளிப்படையாகப் பேசினார். அப்படியோர் ஏற்பாடு உண்டு என்பதைச் சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியென் லூங்கும் ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கும் பணம் அண்டை நாட்டுக்குப் போகிறதே என்ற கவலை இங்கும் எழுந்தது. நம் அரசாங்கமும் 2024 வரவு செலவுத் திட்டத்தில், கூட்டரசுப் பிரதேசங்களில் வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கான கேளிக்கை வரியை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. உள்ளூர்க் கலைஞர் மேடை நிகழ்ச்சிகளுக்கு முழு விலக்கு.

இரண்டு கவலைகளும் நியாயமானவை. ஆனால் முதலாவது மேடையில் நிற்பவரைப் பற்றியது, இரண்டாவது கல்லாப்பெட்டியைப் பற்றியது. நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் எரிந்ததும் வாசலை நோக்கி நடக்கும் ரசிகரைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

புக்கிட் ஜாலில் அரங்கம் 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்டது. 80,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. வாசலிலேயே எல்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. எனவே போக்குவரத்து வசதியில்லாத இடம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிகழ்ச்சி முடிந்ததும் 30,000 பேர் ரயிலில் கோலாலம்பூர் பக்கம் வர விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நெருக்கியடித்து ஒரு ரயிலில் ஆயிரம் பேர் ஏறினால் 30 ரயில்கள் தேவை. நான்கு நிமிடத்துக்கு ஒன்று வந்தாலும் கடைசி ஆள் ஏறி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். இரவு 10.45-க்கு நிகழ்ச்சி முடிந்தால், அவர் ரயிலில் கால் வைக்கும்போது மணி 12.45.

கோலாலம்பூருக்குள் இருப்பவர் அதற்குப் பிறகும் வாடகைக் காரில் வீடு போய்விடலாம். கிள்ளான்காரரின் நிலை வேறு. அவர் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி கொமுட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும். அல்லது மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறி பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரலுக்கு வர வேண்டும். அங்கிருந்து கிள்ளானுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நள்ளிரவை ஒட்டி ரயில் சேவைகள் ஒவ்வொன்றாக முடிந்துவிடும். அந்த நேரத்தில் வாடகைக் கார் செயலியைத் திறந்தால் கட்டணம் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஏறியிருக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கார் தேவைப்படும்போது அப்படித்தான் ஆகும்.

ஆகவே ரயிலை நம்பி வரும் கிள்ளான் ரசிகர் என்ன செய்கிறார்? கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து விடுகிறார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பல நூறு ரிங்கிட் கொடுத்து வந்தவர், எல்லாரும் கைவிளக்கை உயர்த்தி ஒன்றாகப் பாடும் அந்த நேரத்தில் படியிறங்கி நிலையத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். கார் வைத்திருப்பவருக்கும் ரயிலில் வருபவருக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். முழு நிகழ்ச்சியும் கிடைப்பது ஒருவருக்கு மட்டுமே.

தைப்பூசத்தில் முடிகிறதே

நள்ளிரவுக்குப் பின் ரயில் ஓட்டுவது பெரும் செலவு, தண்டவாளப் பராமரிப்பு வேலைகள் அப்போதுதான் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. தினமும் அப்படி ஓட்ட முடியாது.

ஆனால் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பத்துமலைக்கு இரவு முழுவதும் கொமுட்டர் ரயில்கள் ஓடுகின்றன. பால்குடம் ஏந்திய அம்மாவும் கைக்குழந்தையோடு வந்த தம்பதியரும் அதிகாலை இரண்டு மணிக்கு ரயிலில் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். பெரிய காற்பந்து ஆட்டங்களுக்கும் புத்தாண்டு இரவுக்கும் எல்.ஆர்.டி. நேரம் நீட்டிக்கப்படுவது உண்டு. எத்தனை பேர் வருவார்கள், எப்போது கலைவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால் ரயிலை ஓட்ட முடியும் என்பதற்கு இவையே சான்று. இசை நிகழ்ச்சியில் இந்த இரண்டும் மாதக்கணக்கில் முன்பே தெரியும். டிக்கெட் விற்கும்போதே எண்ணிக்கை கையில் வந்துவிடுகிறது.

நிகழ்ச்சியைச் சீக்கிரம் தொடங்கலாமே என்றும் கேட்கலாம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வேலை முடிந்து வருபவர்களுக்குக் கஷ்டம். மக்ரிப் தொழுகை நேரமும் குறுக்கே வரும். திறந்தவெளி அரங்கில் பிற்பகல் வெயிலில் உட்கார முடியாது. ஆகவே எட்டு, எட்டரைக்குத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மாற்ற வேண்டியது ரயில் நேரத்தைத்தான்.

சென்னை தந்த பாடம்

இது கொரியக் குழுக்களின் ரசிகர்களுக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. ஏ.ஆர். ரஹ்மான் புக்கிட் ஜாலிலில் பாடியிருக்கிறார். 2025 டிசம்பர் 27-ஆம் தேதி நடிகர் விஜய்யின் ‘ஜன நாயகன்’ பட இசை வெளியீடும் அங்கேதான் நடந்தது. நம் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் அன்று அந்த அரங்கில் இருந்தார்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்துபோகும் வழியை யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை காட்டியது. 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் அருகே ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. டிக்கெட் வாங்கியவர்களில் பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. சாலை ஸ்தம்பித்தது, தமிழக முதலமைச்சரின் வாகனத் தொடரும் அதில் சிக்கியது. நெரிசலில் சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் பலர் எழுதினார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார்கள். பெரிய இசைக் கலைஞர், அன்பான ரசிகர்கள், இரண்டும் இருந்தும் அந்த இரவு பலருக்குக் கசப்பாக முடிந்தது. பழுது பாட்டில் இல்லை. வாசலிலும் சாலையிலும் இருந்தது.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டுக் கலைஞர்கள் இங்கு மேடையேற ‘புஸ்பால்’ அமைப்பின் அனுமதி தேவை. உடை, நடத்தை பற்றி விதிகள் உள்ளன. விஜய் நிகழ்ச்சிக்கு முன் மேடையில் அரசியல் பேசக் கூடாது என்று காவல்துறை அறிவித்தது. நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் வழக்கமும் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்: குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் டிக்கெட் விற்கும் நிகழ்ச்சி என்றால், ரசிகர்கள் வீடு திரும்பும் ஏற்பாட்டையும் விண்ணப்பத்தோடு காட்ட வேண்டும்.

செலவை யார் ஏற்பது? ஜெர்மனியின் பல நகரங்களில் கச்சேரி டிக்கெட்டே அன்றைய பேருந்து, ரயில் டிக்கெட்டாகவும் செல்லும். அதற்கான சிறு தொகை டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடுகிறது. இங்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் சில ரிங்கிட் ஒதுக்கினால், புக்கிட் ஜாலிலிலிருந்து கிள்ளான், காஜாங், ரவாங் பக்கம் போகும் நள்ளிரவு ரயில்களுக்கோ சிறப்புப் பேருந்துகளுக்கோ அந்தப் பணம் உதவும். மாதம் 50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மை50 அட்டை எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., ரேப்பிட் பேருந்துகளில் செல்லும், கொமுட்டரில் செல்லாது. கிள்ளான் மாணவருக்கு அந்த அட்டை பாதி வழிக்குத்தான் துணை. எல்.ஆர்.டி. 3 தடம் கிள்ளானைப் பண்டார் உத்தாமாவோடு இணைப்பது நல்ல செய்தி. ஆனால் எத்தனை தடம் போட்டாலும், தேவைப்படும் இரவில் நள்ளிரவோடு கதவை மூடினால் இந்தப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

இப்படி ஏற்பாடு வரும்வரை நாமும் கவனமாக இருக்க வேண்டும். டிக்கெட்டை அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் மட்டும் வாங்குவது, போகும் முன்பே கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைப்பது, இருவராகவே போய் இருவராகவே திரும்புவது, வீட்டாருக்கு இருப்பிடத்தைப் பகிர்வது ஆகியவை நம் கையில் இருப்பவை. ஆனால் நம் கவனம் ஒரு ரயிலை ஓட வைக்காது.

சிங்கப்பூரில் அந்த இரவு, கடைசிப் பாட்டு ஒலித்தபோது பழக்கதோஷத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தோழி என் கையைப் பிடித்து இறக்கி, “பரவாயில்ல, ரயில் இருக்கு” என்றாள். பாட்டு முழுவதையும் நின்று கேட்டோம்.

மேடையின் மின்சாரத்தை நிறுத்த ஒரு விசை வேண்டும் என்று நம் நாடு யோசித்தது. ரசிகர்கள் வீடு போய்ச் சேரும்வரை ரயிலை ஓட வைக்கவும் ஒரு விசை வேண்டும். அது வந்தால், என் தங்கையின் முறை வரும்போது “வர்றது எப்படி?” என்ற கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.