சுரண்டல் வேண்டாம், கரைத்தலே நன்று

இரவுபகலாக உழைத்துச் சேர்த்த பணத்தில் எம்மவர் வாங்கிய கார்களின் வர்ணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பிசினோ தாரோ அன்று. அவற்றைச் சுரண்டும் கத்தியே. பெற்றோல் தோய்த்த துணியால் துடைப்போரும் உளர். அதன் ஆவி சிறு பொறியிலும் தீப்பற்றும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் இது தகுமா?

ஒட்டியிருப்பது எதுவென அறிவதே முதற்பணி. ஜேர்மனியத் தெருக்களில் லிண்டன் மரங்களின் கீழ்க் கோடையிற் சொட்டுவது பெரும்பாலும் பிசினன்று. இலைச்சாற்றை உறிஞ்சும் அசுகுணிப் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் அதற்குப் போதும். பைன் மரப்பிசின் நீரிற் கரையாது. மருந்தகத்தில் வாங்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலை மறைவான ஓரிடத்திற் பரீட்சித்தபின், பஞ்சில் தோய்த்து ஒற்றியெடுக்கலாம். தாரோ எண்ணெயின் இனம். சமையலெண்ணெய் பூசிச் சற்று ஊறவிட்டால் இளகும். பின்னர் கழுவி மெழுகு பூசுதல் அவசியம். தெருவிற் கழுவுவதை அங்கு பல நகரசபைகள் தடைசெய்துள்ளமையால், கழுவுநிலையத்தை நாடுவதே முறை.

கறை இறுகுமுன் செலவிடும் அரைமணி நேரம், பின்னர் வர்ணம் பூசுவோருக்குக் கொடுக்கும் பல நாட் கூலியை மிச்சப்படுத்தும். எமது குடும்பங்களுக்கு அது சிறு தொகையன்று.