மதிப்பெண்ணை விடுங்கள், துளிகளை எண்ணுங்கள்



"சிறு துளி பெருவெள்ளம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் இங்கே அரியர். எழுதச் சொல்லும் நாம் அந்தப் பழமொழியை நம்புகிறோமா? நம்பவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. நமக்கு வெள்ளம் மட்டுமே வேண்டும். துளிகளை எண்ணப் பொறுமை இல்லை.

கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டு தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகளை நீக்கியது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் பழைய டி-ஸ்கோர் முறை போய், எட்டு அடைவுநிலைகள் வந்தன. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் விலக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு மூச்சுவிடச் சற்று இடம் கிடைத்தது. அந்த இடத்தை நாம் துணைப்பாட வகுப்புகளால் நிரப்பிவிட்டோம். "தேர்வு இல்லையென்றால் பிள்ளை முன்னேறுவது எப்படித் தெரியும்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நேற்றுத் தெரியாத எது இன்று தெரிந்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள், தெரியும்.

நான் வேண்டுவது மிக எளியது. ஒரு பழைய பயிற்சிப் புத்தகம். இரவில் இரண்டு நிமிடம். தேதியிட்டுத் தமிழில் ஒரே ஒரு வரி. 'தேக்கா சந்தையில் கத்தரிக்காயின் விலையைத் தமிழில் கேட்டேன்.' 'லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகையைத் தானாகப் படித்தேன்.' 'பாட்டியிடம் தொலைபேசியில் ஆங்கிலம் கலக்காமல் பேசினேன்.' இவற்றுக்கு எந்தத் தேர்வும் மதிப்பெண் தராது. ஆனால் மொழி வளர்வது இவற்றால்தான்.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று ஒதுக்குவோர் ஓர் ஆய்வை அறிதல் நன்று. தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்கள் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்து, 2011இல் நூலாக வெளியிட்டனர். பொருளுள்ள வேலையில் சிறிதேனும் முன்னேறிய நாளில்தான் மனிதருக்கு ஊக்கம் மிகுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சம்பளம் வாங்கும் பெரியவருக்கே அப்படியென்றால், பத்து வயதுக் குழந்தையை ஆண்டு முடிவில் வரும் ஒற்றை எண்ணுக்காகக் காத்திருக்கச் சொல்வது எவ்வகை நியாயம்?

"சின்னச் சின்ன விஷயங்களைப் பாராட்டினால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறும்" என்பது அடுத்த மறுப்பு. பதிவு வேறு, பாராட்டு வேறு. 'கெட்டிக்காரி' என்பது நம் தீர்ப்பு. 'இன்று ஒரு பத்தியைத் திக்காமல் படித்தேன்' என்பது அவளுடைய சான்று. சோர்ந்த நாளில் தீர்ப்பு நினைவுக்கு வராது. சான்றோ புரட்டிப் பார்க்கக் கையில் இருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். இந்தக் குறிப்பேட்டின்மேல் சிவப்பு மையைத் தொடாதீர்கள். சுவரில் நட்சத்திர அட்டவணை மாட்டி யாருக்கு எத்தனை என்று ஒப்பிடாதீர்கள். அன்றே அது இன்னொரு தேர்வாகிவிடும். விடுபட்ட நாளுக்குக் கணக்குக் கேட்க வேண்டாம். மறுநாள் எழுதினால் போதும். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், பிள்ளையின் மார்ச் மாத வரியை அதே பிள்ளையின் ஜூலை மாத வரியோடு ஒப்பிடுங்கள்.

இதற்கு ஏன் இத்தனை வேகம் என்று கேட்பீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தச் சரிவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. சாப்பாட்டு மேசையில் இன்று ஒரு சொல், நாளை ஒரு வாக்கியம் என நழுவிய இழப்பு. துளித்துளியாகப் போனதைத் துளித்துளியாகத்தான் மீட்க முடியும். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவின் மேடையும் பரிசும் நல்லவையே; எஞ்சிய பதினொரு மாதங்களை யார் பார்த்துக்கொள்வது?

1950களில் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று முழங்கி, பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். எளியவர்களின் சிறு நன்கொடைகளை அற்பம் என்று அவர் தள்ளவில்லை. நம் பிள்ளை தரும் ஒரு வரியை நாம் மட்டும் ஏன் தள்ளுகிறோம்?

இன்றிரவு "எத்தனை மார்க்?" என்று கேட்க வேண்டாம். "இன்று என்ன எழுதப் போகிறாய்?" என்று கேளுங்கள். அதையும் தமிழில் கேளுங்கள்.