புத்தகப்பை வந்தது, பஸ் எங்கே?

தோட்டத்துத் தாய்மார்களே, தகப்பன்மார்களே!

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் நேரத்தில் நம் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் ஒரு கூத்து நடக்கிறது. மேடை போடுகிறார்கள், மாலை போடுகிறார்கள். யாரோ ஒரு டத்தோ வருகிறார், அல்லது அவர் வராமல் அவருடைய செயலாளர் வருகிறார். நம் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு புத்தகப்பை வாங்குகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம். அந்தப் பை கிழிவதற்குள் அந்த வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று எந்தப் பத்திரிகையிலாவது வந்ததா?

பை கொடுப்பது குற்றமில்லை. பையோடு கடமை முடிந்தது என்று காரில் ஏறிப் போவதுதான் குற்றம்.

நம் பெண்பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். தொடக்கப்பள்ளியில் அல்ல. அது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1912-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். நம் படிப்பின்மேல் அவனுக்கு அக்கறையா? கூலிக்காரன் குடும்பத்தோடு லயத்திலேயே கிடக்கவேண்டும் என்ற கணக்குதான். ஆனால் அந்தப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. படிவம் ஒன்று பட்டணத்தில் இருக்கிறது. தோட்டத்து உள்ரோட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வரவே இரண்டு மூன்று கட்டை நடக்கவேண்டிய இடங்கள் உண்டு.

தோட்டம் துண்டாடப்பட்டது, விற்கப்பட்டது, நம் சனம் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனது. மிச்சம் இருப்பவை சில குடும்பங்கள். வேலைக்காட்டில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான் அதிகம். நாலு பெண்பிள்ளைகளுக்காக எந்த பஸ் கம்பெனி செம்பனைக் காட்டுக்குள் வண்டி விடும்? ஆண்பிள்ளை யாருடைய மோட்டாரிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுவான். பெண்பிள்ளையை அப்படி அனுப்புவீர்களா? மாட்டீர்கள். காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போகும் அம்மா, கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவாள்? ஆயாக்கொட்டகை மூடியாகிவிட்டது. மூத்த மகள் வீட்டில் நிற்கிறாள். முதலில் ஒரு நாள், அப்புறம் வாரத்தில் மூன்று நாள், அப்புறம் அவள் பெயரையே பள்ளியில் அடித்துவிடுகிறார்கள்.

கணக்குப் போடுவோம். வேன்காரர் ஒரு பிள்ளைக்கு மாதம் 100 வெள்ளி கேட்கிறார் என்று வையுங்கள். மூன்று பிள்ளைக்கு 300. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் வேனுக்கே போகிறது. பள்ளி தொடக்க உதவி என்று அரசாங்கம் 2023-லிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவது ஆண்டுக்கு ஒருமுறை 150 வெள்ளி. ஒன்றரை மாத வேன் காசு! தொடக்கப்பள்ளியில் ஏழைப்பிள்ளைக்குக் கிடைத்த துணையுணவும் படிவம் ஒன்றில் கிடையாது. பசியும் தூரமும் கூடுகிற வயதில் உதவி குறைகிறது. இது யாருடைய மூளையில் உதித்த திட்டமோ!

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2003-லிருந்து தொடக்கக்கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று அந்தச் சட்டத் திருத்தம் சொல்கிறது. 2025-ல் இடைநிலைக்கல்வியையும் கட்டாயமாக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. கட்டாயம் என்றால் நமக்கு மட்டும்தானா? பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குத் தண்டனை உண்டு. வண்டி அனுப்பாத அரசாங்கத்துக்கு என்ன தண்டனை?

இந்த இடைவெளியில்தான் சின்னஞ்சிறு தொண்டுக் குழுக்கள் நிற்கின்றன. உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆசிரியைகள், ஓர் ஓய்வுபெற்ற கிராணி, ஒரு பழைய கஞ்சில் கார். மாலையில் கோயில் மண்டபத்தில் மலாயும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேன்காரரிடம் பேரம் பேசுகிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காகப் பதிவு இலாகாவில் அம்மாவோடு போய்க் காத்திருக்கிறார்கள். 1982-ல் டாக்டர் தம்பிராஜா பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துத் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடறிந்த பெரிய அமைப்பாகிவிட்டது. நாம் பேசுவது அந்த அளவுக்கு வளராத, பெயர்ப்பலகைகூட இல்லாத குழுக்களைப் பற்றி.

அவர்களால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1991-ல் ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்தது. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பெண்களிடம், நகம் கழன்று விழுவதும் மூக்கில் இரத்தம் வருவதும் தலையெழுத்து அல்ல, விஷம் என்று சொல்லிக்கொடுத்தது. 2002-ல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்கு, நம் ஆட்கள் கிராமக்சோன் என்று சொல்லும் மருந்துக்கு, தடை அறிவித்தார்கள். 2006-ல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1-ல்தான் முழுத்தடை வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! அதுவும் பெண்களுக்குக் கல்விதான். பள்ளியில் கிடைக்காதது லயத்து வாசலில் கிடைத்தது.

ஆனால் இந்தக் குழுக்களையே சாக்காக்கும் தந்திரம் ஒன்று நடக்கிறது. "உங்கள் சமூகத்திலேயே தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றனவே" என்கிறார்கள். அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை மூன்று பேர் சொந்தக் காசில் செய்வது அரசாங்கத்துக்கு விடுதலைப் பத்திரமா? அந்த மூன்று பேருக்கும் நிம்மதி இல்லை. சங்கங்களின் பதிவகத்துக்கு ஆண்டறிக்கை அனுப்பவேண்டும். கம்பெனியிடம் நன்கொடை கேட்டால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) விலக்கு ரசீது இருக்கிறதா என்கிறது. அது இல்லாத குழு வெறுங்கையோடு திரும்புகிறது.

நம் பக்கமும் பேசத்தான் வேண்டும். கோபப்படாதீர்கள். மகள் வயதுக்கு வந்தால் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்கிறோம். விருந்து, வீடியோ, கடன். அடுத்த மாதம் அதே பெண்ணுக்கு வேன் காசு இல்லை என்கிறோம். "பொம்பளப் புள்ள எவ்வளவு படிச்சாலும் அடுப்படிதானே" என்று சொல்லும் பெரியவரின் பேத்திதான் நாளை தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் நின்று அவருக்கு மருந்து வாங்கப்போகிறவள். புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த பெண் வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவளாகத் தெரிகிறாள், வெட்கப்படுகிறாள். அவள் வெட்கத்துக்கு நாம் துணை போகவேண்டாம்.

உதவ வரும் குழுவிடமும் கேளுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். படிவம் ஐந்துவரை இருப்பீர்களா, ஓராண்டில் போய்விடுவீர்களா என்று கேளுங்கள். பிள்ளையின் அழுத முகத்தைப் படமெடுத்துப் போட்டுத்தான் பணம் திரட்டுவோம் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏழைகள் என்பதற்காக நம் மகள்களின் முகம் பொதுச்சொத்து அல்ல.

இந்த மாதமே செய்யக்கூடிய வேலை ஒன்று. உங்கள் தோட்டத்தில், உங்கள் தாமானில் கடந்த ஐந்து ஆண்டுகளில் படிவம் ஒன்றுக்குப் போன பெண்கள் எத்தனை பேர், எஸ்.பி.எம். எழுதியவர்கள் எத்தனை பேர், நின்றவர்கள் எந்த மாதம், எதற்காக நின்றார்கள் என்று எண்ணுங்கள். நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதை வாசியுங்கள். பள்ளி வண்டி வேண்டும், அல்லது வேன் செலவை அரசாங்கம் ஏற்கவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துகளோடு மாவட்டக் கல்வி இலாகாவில் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல், எங்களுக்கு ஒரு நகல். எங்களுக்கு அனுப்பும்போது பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.