முட்டுகிற மாடு என்று அறிந்தும்



பழுதுள்ள புதுவண்டியை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து, மாற்று வண்டியோ பணமோ பெறுவது வாங்கினவருடைய உரிமை. அதில் எனக்குக் கேள்வியில்லை. நான் கேட்பது திரும்பிப்போன அந்த வண்டியைக் குறித்தே. பழுதுபார்க்கப்பட்டு, மெருகேற்றப்பட்டு, அது வேறொரு விற்பனைக்கூடத்தில் வந்து நிற்கக்கூடும். அங்கிருந்து இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் போகக்கூடும். அதன் கதை மட்டும் முதல் கையோடே நின்றுவிடுகிறது.

“அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை; பொய் ஒன்றும் உரைக்கவில்லையே” என்கிறார் விற்கிற விசுவாசி. இந்த வாதத்துக்கு நாட்டின் சட்டத்திலும் இடமுண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரையை உதாரணமாகக் காட்டுகிறது. குதிரையின் குறையை அறிந்த ஒருவன், அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் ஏலத்தில் விற்கிறான். அது மோசடியாகாது என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். வாங்குகிறவள் அவனுடைய மகள், சட்டப்படி அப்போதுதான் மேஜரானவள் என்றால், குறையைச் சொல்லுவது அவன் கடமையாகிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறும் சகோதரனுக்கு வண்டியை விற்கிற நீங்கள், இந்த இரண்டு உதாரணங்களில் எதில் நிற்கிறீர்கள்? சபைக்கு வெளியே இருக்கிறவருக்கு விற்றால் மௌனம் செல்லும் என்பீர்களானால், நல்ல சமாரியனின் உவமையை உங்களுக்கு யார் போதித்தார்களோ, அறியேன்.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் இதிலும் கண்டிப்பானது. ஒரு மாடு முதன்முறை முட்டி ஒருவன் இறந்தால், மாட்டுக்காரன் குற்றமற்றவன். அது முட்டுகிற மாடென்று முன்னமே அவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும் கட்டிவைக்காமல் விட்டானென்றால், அவனுடைய உயிரே கேட்கப்படும். இரண்டிலும் சாவு ஒன்றுதான். அவன் அறிந்திருந்தான் என்பதே வழக்கை மாற்றுகிறது. பிரேக் பழுதுக்காக நிறுவனத்துக்குத் திரும்பிய சரக்கு வண்டி, அப்படி அறிவிக்கப்பட்ட மாடு. அதை ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் பூ ஏற்றுகிற ஒருவர் வட்டிக்குப் பணம் புரட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் காவிரிப் பாலத்தில் அந்த பிரேக்கை நம்பிக் கால்வைக்கப்போகிறவர் அவர்.

“வாங்குகிறவர் விசாரித்துக்கொள்ளட்டும்” என்பீர்கள். எங்கே விசாரிப்பார்? ஸ்ரீரங்கத்தின் டிஎன் 48 ஆனாலும், திருச்சி மேற்கின் டிஎன் 45 ஆனாலும், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் பழுதைக் குறிக்க ஒரு கட்டமும் இல்லை. வாகன் தளத்தில் காப்பீடு தெரியும், கடன் தெரியும். திருப்பி வாங்கப்பட்ட வரலாறு தெரியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஒரு வகை வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. தனியொரு வண்டியின் கதையை அது அடுத்தவருக்குச் சொல்லித் தராது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ, பழுதுக்காக நிறுவனம் திருப்பி வாங்கிய வண்டியின் உரிமைச் சான்றிலேயே அச்செய்தி பதியப்படவேண்டும். கதவுச் சட்டத்திலும் அறிவிப்பு ஒட்டப்படவேண்டும். இத்தகைய வண்டியை அங்கே ‘எலுமிச்சை’ என்பார்கள். (புதுவண்டிச் சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குகிற நம் ஊரில் அந்தப் பெயர் எடுபடுமோ, தெரியாது!) அத்தகைய சட்டம் இங்கும் வேண்டுமென்று கேட்போம். அது வருமட்டும் வாய்திறக்கக்கூடாதென்று நம்மை யாரும் தடுக்கவில்லை.

சொன்னால் விலை இறங்கும், மெய்தான். இறங்குகிற அந்தத் தொகை வாங்குகிறவருடைய அறியாமைக்காக நீங்கள் வசூலிக்க எண்ணியது. “பழுதை நீக்கிவிட்டார்களே” என்றால், பணிமனை ரசீது இருக்கும், அதைக் காட்டுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தோடு ஒரு தாள் சேருங்கள். என்ன பழுது, எத்தனைமுறை பணிமனைக்குப் போனது, நிறுவனம் எந்தத் தேதியில் திருப்பி வாங்கியது, பின்பு என்ன மாற்றப்பட்டது என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மூலத்தாள் வண்டியோடு போகட்டும்; நகல் உங்களிடம் இருக்கட்டும். எழுதத் தடுமாறுகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் ரசீதுகளோடு என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.