ஜோடிக் கணக்கு

"அண்ணா, எல்லாத்துலயும் ஒரு ஜோடி போடுங்க."

கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர்கள் இதை ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்கள். நான் கடை போட்ட புதிதில் ஓர் அம்மா தன் பையனோடு வந்து 2 அடித் தொட்டி வாங்கினார். பையன் கைகாட்டக் கைகாட்ட நான் வலை போட்டேன். கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, கப்பி இரண்டு ஜோடி. ஐந்தாம் நாள் அந்த அம்மா கவரில் ஓர் ஆண் கப்பியோடு வந்து நின்றார். விசிறி மாதிரி இருந்த வாலில் துடைப்பக் குச்சியாக இரண்டு நரம்புதான் மிச்சம். "தண்ணி மாத்துனீங்களா மேடம்?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் ஒரு பாட்டில் மெத்திலீன் ப்ளூவையும் தலையில் கட்டி அனுப்பினேன்.

வாலைக் கடித்தது டைகர் பார்ப் என்று எனக்கு அப்போதே தெரியும். "டைகர் பார்ப் முரட்டு மீன்" என்று கடைக்காரர்கள் நாமெல்லாம் சொல்வோம். அது பாதி உண்மை. டைகர் பார்ப் கூட்டத்து மீன். எட்டு, பத்து என்று இருந்தால் யார் பெரியவன் என்ற தகராறிலேயே அதன் பொழுது போய்விடும். துரத்தலும் கடியும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டே இரண்டை விட்டால் அந்தச் சேட்டையெல்லாம் பக்கத்தில் மெதுவாகப் போகிற நீண்ட வால்மீது இறங்கும். (எட்டு விட்டாலும் கப்பி, ஏஞ்சல் இருக்கும் தொட்டியில் நான் இன்றைக்கு அதை விடமாட்டேன்.) அந்த வீட்டில் கப்பியின் வாலைக் கடித்த வாய் டைகர் பார்ப்புடையது. இரண்டாக எண்ணிப் போட்ட கை என்னுடையது.

பண்ணையிலிருந்து மீன் நூறு நூறாக எண்ணி வருகிறது. ஜோடி என்ற அளவு நம் கல்லாவில்தான் பிறக்கிறது. விலைப் பலகையில் "ஜோடி 40", "ஜோடி 60" என்று எழுதி எழுதி, மீன் என்றாலே இரண்டு என்று வாங்குபவர்களைப் பழக்கியது நாம்தான். பழக்கிவிட்டு, எந்த மீன் எதோடு சேரும் என்று அட்டவணை அச்சடித்துக் கொடுக்கிறோம். அந்த அட்டவணைகளில் ஒன்றில்கூட எத்தனை மீன் என்ற பத்தியை நான் பார்த்ததில்லை.

கப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று விட்டால் அந்த ஆணுக்கு நாள் முழுக்க ஒரே வேலைதான். பெண் செடிக்குப் பின்னால் ஒளியும், தீனிக்கு மேலே வரப் பயப்படும், மெலிந்து செத்தும் போகும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. "குட்டி போடணும், அதான் ஜோடி" என்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்: ஆணோடு வளர்ந்த பெண் கப்பி பெரும்பாலும் கடையிலேயே சினைப்பட்டிருக்கும், ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை உடம்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஈடு ஈடாகக் குட்டி போடும். நிறம் மட்டும் போதும் என்பவருக்கு ஆண் கப்பி மட்டுமே எட்டு கொடுங்கள். குட்டித் தொல்லையும் இல்லை.

ஃபைட்டரில் ஜோடி என்பது நேரடியாகவே கொலை. முட்டையிடும் நேரம் தவிர ஆணும் பெண்ணும் ஒரே சிறு தொட்டியில் இருக்க முடியாது. முட்டை வைத்து முடித்ததும் பெண்ணை எடுக்காவிட்டால் ஆண் அதைக் கிழித்துவிடும். இதைத் தெரிந்துகொண்டே ஜோடியாகக் கட்டிக் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

ஏஞ்சலில் கதை வேறு. அங்கே ஜோடி சேர்வது நிஜம், சிக்கலும் அதுவேதான். குஞ்சாக வாங்கிய இரண்டும் ஆணும் பெண்ணுமாக அமைந்து, முட்டையிட ஓர் இலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், 2 அடித் தொட்டியில் பாதி அவற்றுக்குப் பட்டா. மற்ற மீன்களெல்லாம் ஃபில்டர் மூலையில் ஒண்டிக் கிடக்கும். ஜோடியாகவே இருக்கவேண்டிய மீனுக்குத் தனித் தொட்டி வேண்டும் என்று சொல்லி விற்பதுதான் முறை.

இத்தனையும் கடைத் தொட்டியில் தெரியாது. 2 அடியில் அறுபது குஞ்சு நீந்தும்போது எந்த மீனாலும் ஒரு மூலையைத் தனதென்று பிடிக்க முடியாது. வயதும் சண்டை போடும் வயதில்லை. வாரத்துக்குள் விற்றும் போய்விடும். ஒரு ரூபாய்க் காசளவு ஏஞ்சல் குஞ்சும் நியானும் ஒன்றாகத் திரிவதைப் பார்க்கிறவர், சேரும் என்று நம்பித்தான் வாங்குகிறார். எட்டு மாதத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அளவாகிவிடும், அதன் வாயும் கூடவே வளர்ந்திருக்கும். "பன்னிரண்டு நியான் விட்டேன், நாலுதான் இருக்கு, ஒண்ணுகூடச் செத்து மிதக்கல" என்று வந்து சொல்பவரிடம் நாம் மறுபடி தண்ணீரைப் பற்றித்தான் கேட்போம்.

தண்ணீரைக் கேட்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அது மீனை வலையில் பிடிப்பதற்கு முன்னால். டி.டி.எஸ். மீட்டர் ஆயிரத்தைத் தொடும் போர் தண்ணீர் வீட்டுக்குக் கப்பி, மோலி, பிளாட்டி சரி. அங்கே நியானைக் கொடுப்பது நாள் குறித்துக் கொடுப்பது. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். நியானுக்கு 22 முதல் 26 போதும். இரண்டும் அமேசான் மீன்தானே என்று சேர்த்துவிட்டால் யாராவது ஒருவர் இழுத்துக்கொண்டு கிடப்பார். அந்த இடத்தில் கார்டினலைக் கொடுங்கள், அது சூடு தாங்கும். கோல்டு ஃபிஷ் இன்னும் குளிர்ந்த தண்ணீருக்கு உரியது, தின்பதும் கழிப்பதும் அதிகம். அதை அதன் இனத்தோடு மட்டும் விடுவதே நல்லது.

மலாவி சிக்லிட் விற்பவர்கள் எண்ணிக்கை விஷயத்தை எப்போதோ கற்றுக்கொண்டார்கள். 4 அடித் தொட்டியில் ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாக இருபதுக்கு மேல் விட்டு, நல்ல ஃபில்டரும் வைத்தால் அடி எல்லார்மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகிவிடும். இரண்டு விட்டால் மாதக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். அதே கணக்கை நூறு ரூபாய் மீனுக்கும் போடத்தான் நமக்குக் கை வரவில்லை.

ஐந்து வகையில் ஜோடி கேட்பவரிடம் இரண்டு மூன்று வகையோடு நிறுத்தச் சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எனக்கும் உண்டு. சிலர் போகத்தான் செய்கிறார்கள். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர். கல் போட்டு மேலே இடம் விட்டால் 45 தேறும். அந்த 45 லிட்டருக்கு மென்னீர் வீடாக இருந்தால் பத்து நியான், அடியில் ஆறு கோரிடோரஸ், ஒரே ஓர் ஆண் தேன் கௌராமி என்பது இப்போது என் கடையில் நான் சொல்லும் கணக்கு. அதையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. தொட்டி ஓடி ஒரு மாதம் கழித்து முதலில் கோரிடோரஸ், இரண்டு வாரம் விட்டு நியான், கடைசியில் கௌராமி. மூன்று தடவை வருகிறவர் மூன்று தடவையும் தீனியோ செடியோ ஏதாவது வாங்காமல் போவதில்லை என்பதையும் வியாபாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த இதழிலிருந்து, இந்தப் பத்திரிகையில் வரும் நம் விலைப் பட்டியலில் "ஜோடி" என்ற பத்தி இருக்காது. டெட்ரா, பார்ப், ராஸ்போரா, கோரிடோரஸ் ஆகியவற்றுக்கு ஆறு மீன் விலை வரும். குட்டி போடும் மீன்களுக்கு ஓர் ஆண், மூன்று பெண் கொண்ட செட் விலை. ஃபைட்டர் ஒற்றை. ஏஞ்சலுக்கும் டிஸ்கஸுக்கும் மட்டும், முட்டையிட்டு நிரூபித்த ஜோடி என்று கடைசியில் தனியே ஒரு வரி போடுகிறோம். அதன் பக்கத்திலேயே அதற்கு வேண்டிய தனித் தொட்டியின் அளவும் இருக்கும்.