கேட்டு வாங்கியவருக்கும் துக்கம் உண்டு

"தானே கேட்டு வாங்கிய விவாகரத்துக்கு அழுகை எதற்கு, மனநல மருத்துவர் எதற்கு? கோயில் குளம் போய் வந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். கொஞ்சமும் ஏற்க முடியாத பேச்சு இது.

கேட்டதும் கிடைத்துவிடுவதல்ல விவாகரத்து. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, இருவரும் மனமொத்துப் பிரிவதானாலும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகே மனுப்போட முடியும். அதற்குமேல் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017-இல்தான். ஒருவர் முரண்டுபிடித்தால் வருடக்கணக்கில் வாய்தா. குடும்ப நீதிமன்ற வராந்தாவுக்குப் போய்ப் பாருங்கள். ஃபைலை மடியில் இறுக்கிக்கொண்டு, எதிர்ப் பெஞ்சில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிடாமல் இருக்கப் பாடுபடுவார்கள். ஒரு காலத்தில் அந்த முகத்துக்காகவே காத்திருந்தவர்கள்தானே!

தீர்ப்பு வந்த பிறகும் தொல்லை விடுவதில்லை. ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வாடகை வீடு தேடினால் "கூட யார் இருக்காங்க?" என்ற விசாரணை, கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டருகே வரவிடாமல் ஒதுக்கிவைக்கும் அத்தைமார். இதில் தூக்கம் கெடாதிருந்தால்தான் அதிசயம்.

கோயிலுக்குப் போகட்டும், ஆறுதல் கிடைக்கும். ஆனால் சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கும் மேல் நீடித்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிச் சேவை டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைக் கொடுங்கள். சமரசம் பேச ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள்.